பூசணிப் பிஞ்சு உதிர்வது ஏன்?

பூசணிக் கொடி செழித்துப் படர்ந்து பூத்த பின்னர், பிஞ்சுகள் மஞ்சளித்து ஒவ்வொன்றாய் உதிர்வது கண்டு கமக்காரர் பலர் மனஞ் சோர்கின்றனர். உரம் போதாதென்று மேலும் உரமிடுவாரும், பூச்சியின் வேலையென்று மருந்து விசிறுவாரும் உளர். முதலில் உதிர்ந்த பிஞ்சொன்றை வெட்டிப் பார்த்தல் வேண்டும். உள்ளே புழுவிருப்பின் அது பழ ஈயினால் விளைந்த கேடு. புழுவின்றி வெறுமனே சுருங்கியிருப்பின், பூ கருக்கட்டாமையே பெரும்பாலும் காரணமாகும்.

நெற்பூ ஒவ்வொன்றிலும் கேசரமும் சூலகமும் ஒருங்கே அமைந்திருத்தலால், அது பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே மணி பிடிக்கின்றது. வயலில் இதுபற்றி நாம் எண்ணவேண்டியதில்லை. பூசணியின் இயல்போ வேறு. ஒரே கொடியில் ஆண் பூ தனியாகவும் பெண் பூ தனியாகவும் தோன்றும். ஆண் பூவின் காம்பு நீண்டு மெலிந்திருக்கும். பெண் பூவின் அடியிற் சிறு பிஞ்சு போன்று சூலகம் பருத்திருக்கும். முதலில் மலர்வன ஆண் பூக்களே. தொகையிலும் அவையே மிகுதி. காய்க்காத பூவென்று அவற்றைக் கிள்ளி எறிதல் பெரும் பிழையாகும்.

ஆண் பூவின் மகரந்தம் பாரமும் பிசுபிசுப்பும் உடையது. காற்று அதனைக் கொண்டு செல்லமாட்டாது. தேனை நாடிவரும் தேனீயின் உடலில் ஒட்டியே அது பெண் பூவின் நடுவிலுள்ள குறியை அடைகின்றது. அங்கு ஒவ்வொரு மகரந்தமணியும் நுண்ணிய குழாயொன்றை முளைவிக்கும். அக்குழாய் தம்பத்தினூடே இறங்கிச் சூல்வித்தொன்றை அடைந்து கருக்கட்டச் செய்யும். அச்சூல்வித்தே பின்னர் விதையாகும். ஒரு விதைக்கு ஒரு மணி வேண்டும். பூசணிக்காயில் விதைகளோ நூற்றுக்கணக்கில் உள. ஆதலால் தேனீ ஒருமுறை வந்து போதல் போதாது. மகரந்தம் குறைவாகப் பெற்ற பிஞ்சு உதிராது நின்றாலும் கோணலாகவே வளரும்.

இவ்வளவும் ஒரு காலைப்பொழுதினுள் நடந்தேற வேண்டும். பூசணிப் பூ விடியலில் விரிந்து நண்பகலுக்கு முன் மூடிவிடும், மறுநாள் விரியாது. பூ விரிந்துள்ள வேளையில் வண்டுக்கென மருந்து விசிறினால், வண்டோடு தேனீயும் மடியும். யான் பணியேற்ற புதிதில் ஒரு தோட்டத்திற் காலையிலேயே விசிறும்படி யானே கூறிவிட்டேன். அப்போகத்தில் அங்கு காய் பிடித்தது மிகச் சொற்பம். மருந்து இன்றியமையாததாயின், பூ மூடிய பின்னர் மாலையில் விசிறுக.

தேனீ வரவு குறைந்த இடத்தில் கையாலும் மகரந்தச்சேர்க்கை செய்யலாம். காலை 6 மணிக்கும் 8 மணிக்கும் இடையில், அன்று விரிந்த ஆண் பூவைக் காம்புடன் கொய்து இதழ்களை நீக்குக. நடுவிலுள்ள மகரந்தத்தைப் பெண் பூவின் குறி முழுவதிலும் படும்படி மெல்லத் தடவுக. 2 அல்லது 3 பெண் பூக்களுக்கு ஓர் ஆண் பூ போதும். மூட்டமான காலையில் தேனீ அதிகம் வெளிவராதாகையால், அன்று இம்முறை மிகவும் பயன்படும். வீட்டுச் சிறுவர் இதனை விரைவிற் கற்றுக்கொள்வர்.

புடோலுக்கும் இவ்வாறே செய்யலாம். ஆயின் புடோற் பூ அந்திப்பொழுதில் விரிவதாகையால், அவ்வேலைக்கு விளக்குடன் பந்தலுக்குச் செல்லுதல் வேண்டும்.