கம்பி பிடித்து நகர்த்தும், அலைனர் தள்ளிப் பார்க்கும்

பல்வேருக்கும் தாடை எலும்புக்கும் நடுவே சுமார் 0.2 மில்லிமீட்டர் சந்து இருக்கிறது. அதை நிரப்பியிருப்பது மெல்லிய நார்த்திசு. பல்லின் மேல் லேசான விசையை விடாமல் கொடுத்துவந்தால், அது நகரப் பார்க்கிற பக்கத்தில் இந்த நார்கள் நசுங்கும், மறுபக்கம் இழுபடும். நசுங்கிய பக்கத்தில் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்கள் எலும்பைக் கரைக்கும். இழுபட்ட பக்கத்தில் ஆஸ்டியோபிளாஸ்ட் செல்கள் புது எலும்பை வைக்கும். மாதத்துக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர், அவ்வளவுதான் வேகம். அவசரப்பட்டு அதிகம் அழுத்தினால் அந்த நாரில் ரத்த ஓட்டம் தடைபட்டு, இருக்கிற வேகமும் குறையும்.

எத்துப்பல்லுக்குக் கம்பி போட்டாலும் சரி, கல்யாணத்துக்கு நாள் குறித்தவர்கள் கேட்டு வருகிற, கழற்றி மாட்டும் பிளாஸ்டிக் உறையான அலைனரை மாட்டினாலும் சரி, தாடைக்குள் நடக்கிற வேலை இதேதான். பல்லை எப்படிப் பிடிக்கிறோம் என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன.

வேலிக்கு நட்ட கழியின் தலையைத் தள்ளினால் கழி சாயும். அடி அப்படியே நிற்கும். பல்லின் கதையும் அதுதான். சாய்ப்பது சுலபம், வேரோடு நகர்த்துவது கடினம். 1920களில் எட்வர்ட் ஆங்கிள் இதற்கு வழி கண்டார். பல்லில் ஒட்டும் பிராக்கெட்டில் செவ்வகக் காடி, அதில் பொருந்துகிற செவ்வகக் கம்பி. கம்பியை முறுக்கிவிட்டால் அந்த முறுக்கு வேர்வரை போகும். இன்றைக்கும் கம்பி சிகிச்சையின் பலம் அந்தச் சின்னக் காடியில்தான் இருக்கிறது. முதல் மாதங்களில் போடும் நிக்கல்-டைட்டானியம் கம்பி பிறகு வந்தது. அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் உருவான உலோகம் அது. எப்படி வளைத்தாலும் பழைய வடிவத்துக்கே திரும்பப் பார்க்கும்.

அலைனருக்குக் காடி கிடையாது. வரிசையாக உறைகளை மாற்றிப் பல்லை நகர்த்தலாம் என்று 1945இலேயே ஹரால்ட் கெஸ்லிங் எழுதிவிட்டார். ஆனால் ஒவ்வொரு கட்டத்துக்கும் மாவுக்கட்டு அச்சில் பல்லை அறுத்து ஒட்டி உறை செய்ய யாருக்குப் பொறுமை? ஸ்டான்ஃபோர்டில் மேலாண்மை படித்த ஜியா சிஷ்டி, பெரியவரான பிறகு கம்பி போட்டுக்கொண்டவர். கம்பி எடுத்தபின் பற்களை இடத்தில் நிறுத்தத் தந்த ரிடெய்னரைச் சில நாள் மாட்டாமல் விட்டதில் பற்கள் நகர்ந்தன. திரும்ப மாட்டியதும் இடத்துக்கு வந்தன. கெஸ்லிங் கைவேலையாகச் சொன்னதைக் கணினியிடம் கொடுத்தால் போதுமே! 1997இல் கெல்சி வர்த்துடன் சேர்ந்து அவர் தொடங்கிய நிறுவனம்தான் இன்விசலைன் அலைனர்களைத் தயாரிக்கும் அலைன் டெக்னாலஜி. வாயை ஸ்கேன் செய்து, கணினியில் பற்களைக் கட்டம் கட்டமாக நகர்த்தி, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பல்வரிசை மாதிரியை முப்பரிமாண அச்சில் எடுத்து, அதன் மேல் சூடான பிளாஸ்டிக் தகட்டைப் படியவைக்கிறார்கள். ஓர் உறைக்கு ஒரு பல் பொதுவாக 0.25 மில்லிமீட்டர் நகர வேண்டும். அதனால்தான் புது உறை மாட்டிய அன்று வாய் இறுகிக் கிடக்கிறது. ஓரிரு வாரத்தில் அதே உறை லேசாகக் கழன்று வருகிறது.

வழவழப்பான பிளாஸ்டிக் பல்லைத் தள்ளும்; பிடித்துத் திருப்பவோ கீழே இழுக்கவோ திணறும். உருண்டையான கோரைப்பல்லில் வழுக்கிவிடும். இதற்காகப் பல்லின் மேல் பல் நிறத்திலேயே சிறு புடைப்புகளை ஒட்டுகிறார்கள். விளம்பரம் சொல்கிற 'கண்ணுக்குத் தெரியாத' அழகு அங்கே கொஞ்சம் அடிபடும். 2009இல் வந்த ஓர் ஆய்வில், கணினி திட்டமிட்ட நகர்வில் முன்பற்கள் சராசரியாக 41 சதவீதமே நகர்ந்திருந்தன. 2020இல் வந்த இன்னோர் ஆய்வில், எல்லாப் பற்களையும் சேர்த்து அது 50 சதவீதம். கிளினிக் திரையில் பற்கள் நடனமாடி வரிசையில் நிற்கிற காட்சியைப் பார்க்கும்போது இந்தப் பாதிக்கணக்கையும் மனதில் வைப்பது நல்லது. பலருக்கும் நடுவழியில் மறுபடி ஸ்கேன் எடுத்துப் புது உறைகள் செய்ய வேண்டிவருகிறது.

பற்களில் லேசான நெருக்கம், சின்னச் சின்ன இடைவெளி என்றால் அலைனர் நன்றாகவே வேலை செய்யும். கழற்றிப் பல் துலக்கலாம். கம்பியில் சோறு சிக்கி, பிராக்கெட்டைச் சுற்றி வெள்ளைத் திட்டு விழுகிற தொல்லை இல்லை. பல்லைப் பிடுங்கி இடைவெளியை மூடுகிற பெரிய வேலைக்கு என் ஓட்டு இன்னும் கம்பிக்குத்தான்.

கழற்ற முடிவதே அலைனரின் வினையும்கூட. நாளுக்கு 20 முதல் 22 மணி நேரம் வாயில் இருந்தாக வேண்டும். மூன்று வேளைச் சாப்பாடும் பல் துலக்கலுமே மீதி நேரத்தைத் தின்றுவிடும். நடுவில் டீ? சூட்டில் பிளாஸ்டிக் வளையும், கறையும் ஏறும். கழற்றித்தான் குடிக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து டீ குடிப்பவரிடம் எந்த மருத்துவரும் முதலில் பேச வேண்டிய விஷயம் இது.

மருத்துவரை நேரில் பார்க்காமலே உறையைத் தபாலில் வரவழைக்கும் முறையும் பரவியது. அதில் முன்னணியில் இருந்த அமெரிக்காவின் ஸ்மைல் டைரக்ட் கிளப் 2023 டிசம்பரில் கடையை மூடியபோது, பாதி சிகிச்சையில் இருந்தவர்கள் தவித்துப்போனார்கள். ஈறும் எலும்பும் எக்ஸ்ரேயில் எப்படி இருக்கின்றன என்று பாராமல் பல்லை நகர்த்துவதே ஆபத்து என்று பல்சீரமைப்பு நிபுணர்களான ஆர்த்தோடான்டிஸ்ட்டுகள் முன்பே சொல்லிவந்தார்கள்.

எந்த வழியில் போனாலும் வேலை முடிந்தபின் ரிடெய்னர் உண்டு. எலும்பு இறுகிவிட்டாலும், ஈறுக்குள் இருக்கிற மீள்நார்கள் புது இடத்துக்குப் பழகச் சுமார் ஒரு வருடம் எடுக்கும். அதுவரை அவை பல்லைப் பழைய கோணலுக்கே இழுத்துக்கொண்டிருக்கும்.