தேயிலைத் தொழிற்சாலை மோட்டார்களுக்குக் காவல்

பங்குனி, சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் இரத்தினபுரி, கேகாலை மலைச்சாரல்களில் பிற்பகல் வேளைகளில் இடி முழங்குவது வழமை. அந்நாட்களில் தோட்டத் தொழிற்சாலையில் ஒரு மோட்டார் எரிந்துபோனால் பழி முழுவதும் இடியின் மேலே சுமத்தப்படும். அஃது எப்போதும் நியாயமான பழியன்று.

கொழுந்து உருட்டும் இயந்திரமும் வாட்டும் தொட்டிகளின் விசிறிகளும் 400 வோல்ற்று மும்முனை மின்சாரத்தில் இயங்குவன. மரக்கிளை விழுந்து மூன்று கம்பிகளுள் ஒன்று அறுந்தால், ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் உடனே நின்றுவிடுவதில்லை. எஞ்சிய இரு கம்பிகளில் முனகிக்கொண்டே சுழன்று, மிகுந்த மின்னோட்டத்தை இழுத்து, சில நிமிடங்களிற் கருகிவிடும். புறப்படும்போது மோட்டார் வழக்கத்தின் ஐந்தாறு மடங்கு மின்னோட்டத்தை இழுப்பதால், அதனைத் தாங்கும் அளவுக்கே பியூஸ் இடப்பட்டிருக்கும். எனவே பியூஸை மட்டும் நம்புதல் தகாது. முனை ஒன்று இழக்கப்பட்டதும் இணைப்பைத் துண்டிக்கும் ரிலே ஒன்று வேண்டும். மோட்டாரை மீளச் சுற்றும் செலவோடும், தேங்கிப் பாழாகும் கொழுந்தோடும் ஒப்பிட்டால் அதன் விலை சொற்பமே.

மின்மாற்றியிலிருந்து நெடுந்தூரம் கம்பி இழுத்த தோட்டங்களில் அழுத்தம் குறைதலும் உண்டு. மோட்டாரின் முறுக்குவலு அழுத்தத்தின் வர்க்கத்துக்கேற்பக் குறையும்: அழுத்தம் 10 வீதம் தாழ்ந்தால் வலு 81 வீதமாகும்; 20 வீதம் தாழ்ந்தால் 64 வீதமே எஞ்சும். இயந்திரம் அடிக்கடி நிற்கிறதே என்று ஓவர்லோட் ரிலேயின் அளவைத் திருகி உயர்த்துவோர் உளர். காவற்காரனை உறங்கவைத்துவிட்டுக் களவு போயிற்றே என்று வருந்துவதற்கு அது நிகர்.

மின்தடை நீங்கும் வேளையும் அபாயமானது. 2025 பெப்ரவரி 9ஆந் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதால் நாடு முழுவதும் இருண்டதை யாவரும் அறிவர். இத்தகைய தடையின் பின் மோட்டார்கள் யாவும் ஒருங்கே புறப்பட முயன்றால் அழுத்தம் சரியும். ஒவ்வொன்றாகவே அவற்றை ஓட்டல் வேண்டும்.

இனி, இடி உண்மையாகவே பகையாவது எங்கே? மின்னல் அருகில் விழுந்தாலே கம்பிகளில் மைக்ரோசெக்கன் அளவில் பேரழுத்தம் பாயும். மோட்டாரின் இரும்பும் செம்பும் ஓரளவு தாங்கினும், விசிறி வேகத்தை ஆளும் இன்வேர்ட்டரும் தேயிலையை நிறம் பார்த்துப் பிரிக்கும் இயந்திரமும் தாங்கா. நாகவொட்சைட்டுத் தடுப்பி அப்பேரழுத்தத்தை மண்ணுக்குள் வழிவிடும். அதன் இணைப்புக் கம்பி அரை மீற்றருக்கு மேற்படலாகாது. ஆனால் கற்பாறை நிலத்தில் ஒரு கோலை மட்டும் அடித்தால் புவித்தொடுப்பு வாய்க்காது. பல கோல்களை நட்டு, இடிதாங்கியின் தொடுப்போடு ஒன்றாகப் பிணைத்தல் வேண்டும். ஈரமண்ணில் தடை குறைவாகவே காட்டும். ஆதலின் பங்குனி இடிக்கு முன்னர், மாசி வறட்சியிலேயே அதனை அளந்து பார்ப்பது நலம்.