நோய் போனது, மனப்பாரம் போனதா?

இடப்பெயர்வு எமது மாவட்ட மக்களுக்குப் புதியதல்ல. 1990இல் ஊரை விட்டு ஓடியவர்கள் இருக்கிறார்கள். 2004 டிசம்பர் 26இல் கடல் கொண்டுபோனதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 2006இல் சம்பூர்ப் பகுதியை விட்டு வெளியேறி, கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் முகாம்களில் வருடக்கணக்கில் வாழ்ந்து, 2015, 2016ஆம் ஆண்டுகளிலேயே காணியைத் திரும்பக் கண்டவர்களும் இருக்கிறார்கள். ஆகவே, 2020 மார்ச் 20 மாலை நாடு முழுவதும் ஊரடங்குச் சட்டம் போடப்பட்டபோது, "நாங்கள் காணாத ஊரடங்கா?" என்று பலரும் எண்ணியதில் வியப்பில்லை.

ஆனால் கொரோனா வேறு விதமான துன்பம். அது தந்த மனப்பாரம் நோய் அடங்கிய பின்னரும் சில வீடுகளில் இறங்கவில்லை. அதற்கான காரணத்தையும், குடும்பமாக நாம் செய்யக்கூடியவற்றையும் சற்று ஆராய்வோம்.

முகாமில் இருந்தது, கொரோனாவில் இல்லாதது

யுத்த காலத்தில் எமக்கு வீடு இருக்கவில்லை. ஆனால் அயலவர் இருந்தனர். ஒரே மரத்தின் கீழ் சமைத்தோம். தண்ணீருக்கு வரிசையில் நின்றபோது பெண்கள் தமது துக்கத்தைச் சொல்லி ஆறினார்கள். செத்த வீட்டில் எல்லோரும் கூடி அழுதோம். இவற்றை நாம் மருந்தென்று அறியவில்லை. எனினும் அவை மருந்தாகவே வேலை செய்தன. யாழ்ப்பாணத்தில் நீண்ட காலம் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம், யுத்தமும் அனர்த்தமும் தனி மனிதரை மட்டுமன்றிக் குடும்பத்தையும் ஊரையுமே காயப்படுத்துகின்றன என்பதைக் 'கூட்டு மனவடு' என்ற கருத்தின் மூலம் விளக்கியுள்ளார். காயம் கூட்டாக ஏற்பட்டால், ஆறுவதும் கூட்டாகவே நடைபெற வேண்டும்.

கொரோனாவில் வீடு இருந்தது, கூட்டம் இல்லாமற் போனது. சுகம் விசாரிக்க வந்தவரே நோயைக் கொண்டுவருவாரோ என்று பயந்தோம். கோவில் திருவிழா, ஞாயிறு பூசை, பள்ளிவாசல் தொழுகை எல்லாம் நின்றன. பழைய காயத்தை இதுவரை மூடிவைத்திருந்த உறவுகள் விலகியதும், அந்தக் காயமும் வெளியே தெரியத் தொடங்கியது. கொரோனாவின் முதல் வருடத்தில் உலகம் முழுவதிலும் பதகளிப்பும் மனச்சோர்வும் ஏறத்தாழ 25 வீதத்தால் அதிகரித்தன என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் அறிவித்தது.

அழ இடமில்லாத துக்கம்

2020 ஏப்ரல் முதல் 2021 பெப்ரவரி இறுதி வரை, கொரோனாவால் இறந்தவர்கள் அனைவரும் தகனம் செய்யப்பட வேண்டும் என்பது நாட்டின் விதியாக இருந்தது. அடக்கம் செய்வதைக் கடமையாகக் கொண்ட முஸ்லிம் குடும்பங்களுக்கு இது தாங்கொணா வேதனையாயிற்று. கிறிஸ்தவக் குடும்பங்களும் துன்பப்பட்டன. 2021 மார்ச்சில்தான் மட்டக்களப்பு மாவட்டத்தின் ஓட்டமாவடியில் அடக்கம் செய்ய இடம் வழங்கப்பட்டது. 2024இல் அரசாங்கம் இதற்காக மன்னிப்புக் கோரியது. சைவக் குடும்பங்களிலும் எட்டுச் செலவு, அந்தியேட்டி ஆகியவை ஆட்கள் இன்றியே முடிந்தன.

செய்யாது விட்ட சடங்கு மனதில் கடனாகக் கிடக்கும். வருடங்கள் கடந்துவிட்டன என்று விட்டுவிட வேண்டாம். ஆண்டு நினைவு நாளில் உறவினரையும் அயலவரையும் அழைத்து, அவரவர் சமயப்படி நினைவுகூருங்கள். இறந்தவரைப் பற்றிப் பேசுங்கள். பிந்திய அழுகையும் ஆறுதல் தரும்.

வயலும் கடனும்

கொரோனாவின் நடுவே, 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடை செய்யப்பட்டது. நவம்பரில் தடை தளர்த்தப்பட்டபோது பெரும்போகம் தொடங்கிவிட்டது. பசளை இல்லை, விளைச்சல் குறைவு, அடைமானத்தில் நகை, வாரந்தோறும் நுண்கடன் தவணை. இந்த யோசனைகளைப் பல குடும்பத் தலைவர்கள் வெளியே சொல்லவில்லை. சொல்லாத யோசனை கோபமாகவும் குடியாகவும் வெளிப்பட்டது. அதன் அடியை மனைவியும் பிள்ளைகளும் வாங்கினார்கள்.

கடன் கணக்கை ஒருவர் மட்டும் சுமக்க வேண்டாம். கணவனும் மனைவியும் ஒன்றாக அமர்ந்து, யாருக்கு எவ்வளவு, எப்போது என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். எழுதுவதால் கடன் குறையாது. ஆனால் இரவில் தனியாகப் புரளும் யோசனை குறையும்.

எப்படி அறிந்துகொள்வது?

எமது மக்கள் மனத்துயரை மனத்துயர் என்று சொல்வது குறைவு. உடம்பே பேசும். நெஞ்சுப் பாரம், தலையிடி, உடம்பெரிவு, "ஒரே யோசனை" என்பார்கள். மருந்தெடுத்தும் மாறாத நோவுக்குப் பின்னால் துக்கம் இருக்கக்கூடும். பிள்ளைகளாயின், மறந்துபோன படுக்கை நனைத்தல் திரும்ப வரும். தாயை விட்டு அகல மாட்டார்கள். பாடத்தில் மனம் செல்லாது. வயோதிபர் சாப்பாட்டைக் குறைத்து மூலையில் ஒதுங்குவர். நித்திரையின்மை, வேலையில் பற்றின்மை, காரணமில்லாத அழுகை ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் உதவி தேவை.

வீட்டில் செய்யக்கூடியவை

முதலில் கேளுங்கள். "இஞ்சாருங்கோ, இரவில நித்திரை இல்லாமல் இருக்கிறீங்கள், என்ன யோசனை?" என்ற ஒரு கேள்வி போதும். பதில் வரும்போது புத்திமதி சொல்ல அவசரப்பட வேண்டாம். "எல்லாம் சரியாகும்" என்று வாயை மூடிவிடவும் வேண்டாம். கேட்டுக்கொண்டிருப்பதே பெரிய உதவி.

நாளுக்கு ஓர் ஒழுங்கை வையுங்கள். எழும்பும் நேரம், வேலை, சாப்பாடு, நித்திரை ஆகியவை நேரத்துக்கு நடந்தால் பிள்ளைகளின் பயம் தணியும். ஒரு வேளையாவது எல்லோரும் ஒன்றாக இருந்து சாப்பிடுங்கள். பிள்ளைகளுக்கு உண்மையை அவர்கள் வயதுக்கேற்றபடி சொல்லுங்கள். மறைத்தால் அதைவிடப் பயங்கரமாகக் கற்பனை செய்வார்கள். செபமாலை, மந்திரம், திக்ர் எதுவாயினும், மெதுவாக மூச்சுவிட்டு அமைதியாகச் சொல்லுதல் பதற்றத்தைக் குறைக்கும். வயோதிபருக்குச் சிறு பொறுப்பொன்றைக் கொடுங்கள். விதை தெரிவு செய்யவும் பேரப்பிள்ளைக்குக் கதை சொல்லவும் அவர்களைவிடத் தகுந்தவர் யார்?

நஞ்சுப் போத்தலைத் தூரமாக்குங்கள்

1995 அளவில் உலகில் மிக அதிகமான தற்கொலை வீதம் கொண்ட நாடுகளில் ஒன்றாக இலங்கை இருந்தது. கொடிய பூச்சிகொல்லிகள் படிப்படியாகத் தடை செய்யப்பட்டன. அடுத்த இருபது வருடங்களில் அந்த வீதம் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் குறைந்தது. வேதனையின் உச்சம் பெரும்பாலும் சிறிது நேரமே நிற்கும். அந்நேரத்தில் நஞ்சு கைக்கு எட்டாதிருந்தால் உயிர் தப்பும் என்பதே இதன் பாடம். ஆகவே மருந்துப் போத்தல்களை வீட்டுக்குள் வைக்காதீர்கள். பூட்டிய பெட்டியில், திறப்பு பொறுப்பான ஒருவரிடம் இருக்கட்டும். தேவைக்கு மேல் வாங்கவும் வேண்டாம்.

"இனி வாழ்ந்து என்ன பயன்" என்று ஒருவர் சொன்னால் அதை வெறும் பேச்சாகக் கொள்ளாதீர்கள். அவரைத் தனியே விடாமல், அன்றே உதவி தேடுங்கள்.

எங்கே செல்வது?

உளநலப் பிரிவுக்குச் செல்வது பைத்தியத்தின் அடையாளமல்ல. காய்ச்சலுக்குச் செல்வது போன்றதே அதுவும். திருகோணமலைப் பொது வைத்தியசாலையில் உளநலச் சேவை உண்டு. வழி தெரியாவிடின், குடும்ப நல உத்தியோகத்தரிடமோ, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ கேளுங்கள். 1926 என்பது தேசிய உளநல உதவித் தொலைபேசி இலக்கம். வீட்டில் அடிக்கப்படும் பெண்களுக்கு 1938, சிறுவர் துன்புறுத்தலுக்கு 1929.

ஊராகச் செய்வோம்

நாளை இன்னொரு நோயோ வெள்ளமோ வரலாம். கமக்காரர் அமைப்பும் மாதர் சங்கமும் கிராம அபிவிருத்திச் சங்கமும் இப்போதே ஒரு வேலையைப் பகிர்ந்துகொள்ளலாம். தனியே வாழும் முதியவர், கணவனை இழந்த பெண், கடனில் மூழ்கிய குடும்பம் ஆகியோரின் பெயர்களை எழுதி, ஒவ்வொருவருக்கும் ஓர் அயலவரைப் பொறுப்பாக்குங்கள். நேரில் செல்ல முடியாத காலத்தில் வேலிக்கு அப்பால் நின்றாவது, தொலைபேசியிலாவது நாளுக்கொரு தரம் அவர் சுகம் விசாரிக்கட்டும்.

முகாமில் எம்மைக் காப்பாற்றியது அயல்தான். அதை நோய்க் காலத்திலும் கைவிடாமல் வைத்திருக்க இன்றே ஆயத்தம் செய்வோம்.