முற்றத்துப் பந்தாட்டம்

நம் ஊர்ப் பிள்ளைகள் கட்சி பிரிக்கும் விதம் அன்பர்களுக்கு நினைவிருக்கும். இருவர் இருவராகத் தோளில் கைபோட்டு அப்பால் சென்று, ஆளுக்கொரு இரகசியப் பெயர் சூடிவந்து, தலைவர்களிடம் "எது வேண்டும்?" என்று கேட்பார்கள். ஜோடி கிடைக்காத பிள்ளை "உப்புக்குச் சப்பாணி". ஆடலாம்; கணக்கில் சேராது.

மாற்றலாகி நாக்பூர் வந்த முதல் ஆறு மாதங்கள் என் மகளுக்கு அப்பதவிதான் வாய்த்தது. ஒன்பது வயது, இந்தியும் அறியாள், மராத்தியும் அறியாள். மாலையில் நான் ஆபீஸிலிருந்து திரும்பும்போது ரயில்வே குடியிருப்பு மைதானத்தின் வேலியோரம் நின்றுகொண்டிருப்பாள்.

அந்நாட்களில் நண்பர் ஒருவர் எங்கள் வீட்டுக் கணிப்பொறியில் ஏற்றித் தந்த விளையாட்டே 'பேக்யார்டு பேஸ்பால்'. அமெரிக்காவின் ஹ்யூமங்கஸ் என்டர்டெயின்மென்ட் கம்பெனி 1997-ல் வெளியிட்டது. 2024-ல் புதுப்பித்து மீண்டும் விற்பனைக்கு வந்தது.

பேஸ்பால் என்பது கிரிக்கெட்டுக்குத் தூரத்துப் பங்காளி. கட்சிக்கு ஒன்பது பேர். சதுரத்தின் மூலைகளில் நான்கு நிலைகள். அடித்தவன் மூன்றையும் தொட்டுப் புறப்பட்ட நிலைக்கே மீண்டால் ஓர் ஓட்டம். மூவர் அவுட்டானால் மட்டை கை மாறும். விதிகள் இன்னும் ஏராளம். அவை நமக்கு வேண்டாம். இங்கே மவுஸ் ஒன்றே போதும். பந்து வரும் இடத்தில் குறியை வைத்து அழுத்தினால் மட்டை சுழலும். பந்தைப் பிடித்தபின் எந்த நிலையைச் சுட்டுகிறோமோ அங்கே எறிவார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைகூட ஆடிவிடும்.

ஆடுவோர் அனைவரும் சிறுவர்களே. ஒரு பேட்டையின் முப்பது பிள்ளைகள்: பதினைந்து பையன்கள், பதினைந்து பெண்கள். அடித்தல், ஓடுதல், எறிதல், பிடித்தல் ஆகிய நான்கிலும் ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு திறமை. கென்னி கவாகுச்சி என்னும் சிறுவன் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே ஆடுகிறான். அவனுக்கென்று சலுகை கிடையாது, அவன் ஓட்டமும் ஓட்டமே. யாவரினும் வல்லவன் பாப்லோ சான்செஸ். குள்ளன், தொந்தியும் உண்டு. அவன் பேசுவது ஸ்பானிய மொழி. ஆயினும் ஆடத் தெரிந்த எவரும் முதலில் அழைப்பது அவனைத்தான்.

இதை என் மகளுக்கு எடுத்துச் சொன்னேன். பாஷை புரியாத பையனைக் கண்டு அவள் மகிழ்வாள் என்பது என் எண்ணம். (தகப்பன்மார் கணக்கு பெரும்பாலும் இப்படித்தான் தவறுகிறது.) அவள் கவனித்தது வேறு. நாம் ஒருவர், கணிப்பொறி ஒருவர் என மாறி மாறித் தேர்ந்து, இரு கட்சிக்கும் ஒன்பதின்மர் சேர்ந்ததும் ஆட்டம் தொடங்கிவிடுகிறது.

"மிச்சம் பன்னிரண்டு பேர் எங்கே போவார்கள், அப்பா?" என்றாள்.

என்னிடம் விடையில்லை. அன்றுமுதல், முன் ஆட்டத்தில் எவரும் அழைக்காத பன்னிருவரிலிருந்தே தன் ஒன்பதின்மரைப் பொறுக்கி ஆடலானாள். பாப்லோ எதிர்க்கட்சிக்கே போனான். பந்து வேலிக்கப்பால் பறந்தது. இவள் தோற்றுக்கொண்டே இருந்தாள். ஒருமுறை ஓர் ஓட்டத்தில் வென்றபோது அடுக்களையிலிருந்த தாயை இழுத்துவந்து, வென்ற ஒன்பது பேரின் பெயரையும் ஒப்பித்தாள்.

மைதானத்தில் இப்போதும் கடைசியில்தான் அழைக்கிறார்கள். சென்ற ஞாயிறு பந்து எடுக்க ஓடியவள், தன்னிலும் சிறிய ஒரு பையனிடம் இந்தியில் ஏதோ கத்தினாள். அவன் விலகி வழிவிட்டான்.