ஒட்டி எழுந்த தெரு

ஓவியர் ரோமரே பியர்டனின் ‘தி பிளாக்’ (1971) ஒட்டுச்சித்திரத்தை என் ஓவிய வகுப்பில் முதலில் காட்டுவேன். நியூயார்க் ஹார்லெமின் ஒரு தெரு, ஆறு பலகைகளில் 18 அடி நீளத்துக்கு விரிகிறது. முடிதிருத்தகம், மளிகைக்கடை, தேவாலயம். சுவரைத் திறந்து வீட்டுக்குள்ளும் காட்டுகிறார். இதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1963-ல் தொடங்கிய ஸ்பைரல் குழுவின் ஓவிய நண்பர்களோடு சேர்ந்து ஒட்டுச்சித்திரம் செய்யத்தான் அவர் ஆசைப்பட்டார். அவர்கள் ஆர்வம் காட்டவில்லை, தனியே தொடர்ந்தார். சேர்ந்து ஒட்டும் அந்த ஆசைதான் எனக்கு முக்கியம்.

என் வகுப்புக்கு அம்மாக்கள் கல்யாணப் பத்திரிகை, பழைய காலண்டர், பஸ் டிக்கெட் எல்லாம் கொண்டுவருவார்கள். வரையத் தெரியாதென்று ஒதுங்குகிறவர்களும் கத்தரிக்கோலை எடுத்துவிடுவார்கள். “இது எந்த ஊர் டிக்கெட் அக்கா?” என்று பக்கத்திலிருப்பவர் கேட்பார். மைதாப் பசை காய்வதற்குள், வீட்டில் யாரிடமும் சொல்லாத பயணமொன்றை அந்த அக்கா சொல்லத் தொடங்கியிருப்பார்.