டனல் அறுந்தால் தரவு எந்த வழியில் போகும்?

தியாகராய நகரில் தலைமை அலுவலகமும் மயிலாப்பூரிலும் அடையாறிலும் கிளைகளும் கொண்ட ஒரு வணிக நிறுவனத்தின் விற்பனைக் கணக்கும் சரக்கு இருப்பும், நாள் முழுவதும் இம்மூன்று இடங்களுக்கும் இடையே பொது இணையத்தின் வழியாகப் போய்வர வேண்டியிருக்கிறது. வழியில் எவரும் அவற்றைப் படிக்கவோ திருத்தவோ இயலாதபடி, ஒவ்வோர் இடத்தின் வலைப்பின்னல் வாயிலிலும் நின்று போக்குவரத்தைச் சோதித்து அனுமதிக்கும் ஃபயர்வால் கருவி, அடுத்த இடத்தின் ஃபயர்வாலோடு மறையாக்கம் செய்யப்பட்ட இணைப்பு ஒன்றை ஏற்படுத்துகிறது. வி.பி.என். டனல் எனப்படும் இந்த இணைப்பின் பாதுகாப்பு, மறையாக்கத்தை எவ்வளவு நம்பியிருக்கிறதோ அவ்வளவு ரூட்டிங்கையும், அதாவது எந்தத் தரவு எவ்வழியே செல்ல வேண்டும் என்ற தீர்மானத்தையும் நம்பியிருக்கிறது.

டனல் எழும் விதம்

கிளைகளை இணைக்கப் பரவலாகப் பயன்படும் ஐபிசெக் முறையில் டனல் இரு கட்டங்களாக உருவாகிறது. முதல் கட்டத்தில், ஐ.கே.இ. என்னும் நெறிமுறையின்படி இரு ஃபயர்வால்களும் யு.டி.பி. 500ஆம் போர்ட் வழியே தொடர்புகொண்டு, 1976இல் டிஃபியும் ஹெல்மனும் வெளியிட்ட கணித முறையால், சாவியை அனுப்பாமலேயே இரண்டுக்கும் பொதுவான ரகசியச் சாவியைக் கணித்து, முன்பே பகிர்ந்த கடவுச்சொல்லாலோ டிஜிட்டல் சான்றிதழாலோ ஒன்றையொன்று உறுதிசெய்கின்றன. இரண்டாம் கட்டத்தில், எந்த முகவரிகளுக்கு இடையிலான தரவை ஏ.இ.எஸ். போன்ற எந்த முறையில் மறைப்பது என்று முடிவாகிறது. உள்முகவரியைப் பொது முகவரியாக மாற்றும் நாட் கருவி இடையில் இருந்தால், தொடர்பு 4500ஆம் போர்ட்டுக்கு மாறுகிறது. ஒரு பக்கம் 256 பிட் சாவியையும் மறுபக்கம் 128 பிட் சாவியையும் மட்டுமே ஏற்கும்படி அமைந்திருந்தால் உடன்பாடு ஏற்படாது, டனலும் எழாது.

வழிப்பட்டியல்

அடுத்து முகவரிகள் ஒழுங்குபட வேண்டும். வீட்டு ரூட்டர்கள் பலவற்றில் வழக்கமாக வரும் 192.168.1.0 என்ற தொகுதியையே மயிலாப்பூரும் அடையாறும் வைத்திருந்தால், ஒரு தரவுப்பொதி எந்தக் கிளைக்குரியது என்று தலைமை அலுவலக ஃபயர்வாலால் பிரித்தறிய முடியாது. ஆகவே, தலைமை அலுவலகத்துக்கு 10.1.1.0/24, மயிலாப்பூருக்கு 10.1.2.0/24, அடையாறுக்கு 10.1.3.0/24 எனத் தனித்தனித் தொகுதிகளை ஒதுக்கி, ஒவ்வொன்றுக்கும் உரிய டனலை வழிப்பட்டியலில் குறிக்க வேண்டும். 24 என்பது முகவரியின் முதல் 24 பிட்டுகள் வலைப்பின்னலைச் சுட்டுவதைக் காட்டுகிறது. பட்டியலில் மிகக் குறிப்பாகப் பொருந்தும் வழியை ஃபயர்வால் தேர்ந்தெடுக்கிறது. எதுவும் பொருந்தாதவை இயல்பு வழியாக இணையத்துக்குச் செல்கின்றன.

இணைப்பு போகும் வேளை

ஆபத்து இங்கேதான் பிறக்கிறது. டனலைத் தனி இடைமுகமாகக் கொள்ளும் ஃபயர்வால்களில், டனல் அறுந்தவுடன் அதற்குரிய வழியும் பட்டியலிலிருந்து நீங்கிவிடுவதால், கிளைக்குப் போக வேண்டிய தரவு இயல்பு வழியில், மறையாக்கம் இன்றி வெளியேறக்கூடும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் மரங்களையும் கேபிள்களையும் சாய்த்த சென்னையில், இணைப்பு போவது எதிர்பார்த்தே தீர வேண்டிய ஒன்று. கிளைத் தொகுதிகளுக்கு முன்னுரிமை குறைந்த ‘பிளாக்ஹோல்’ வழியைச் சேர்த்துவிட்டால், டனல் இல்லாத நேரத்தில் அத்தரவு வெளியேறாமல் அங்கேயே கைவிடப்படும். வேறு நிறுவனத்தின் வழியாக, வேறு கேபிள் தடத்தில், இரண்டாவது டனல் ஒன்றையும் ஆயத்தமாக வைத்தால் வேலையும் நிற்காது.

சட்டம் கேட்பது

இணையப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கையாளும் இந்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவு, கணினி அமைப்புகளின் பதிவேடுகளை 180 நாட்கள் காக்கவும், அதில் பட்டியலிடப்பட்ட இணையப் பாதுகாப்புச் சம்பவங்களை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும் நிறுவனங்களைப் பணிக்கிறது. வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டுகள் வைத்திருக்கும் கடமை பொதுமக்களுக்கு வி.பி.என். சேவை விற்போருக்கு உரியது. நிறுவனங்களின் உள் வி.பி.என்.களுக்கு அது பொருந்தாது.

எனவே, டனல் எழுந்துவிட்டது என்பதோடு பணியை முடித்துக்கொள்ளாமல், இணைப்பை வேண்டுமென்றே துண்டித்து, கிளைக்குரிய ஒரு பொதிகூட இணையத்துக்குள் கசியவில்லை என்பதைப் பதிவேட்டில் கண்டு உறுதிசெய்த பிறகே அமைப்பைப் பயன்பாட்டுக்குக் கொடுக்க வேண்டும்.