திருகோணமலைக் கடலில் இறங்குவதற்கு முன்

ஏப்ரல் 15 வந்தால் எங்கள் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். ஜூன் 14 வரை 61 நாள். புதுச்சேரி குருசுக்குப்பத்தில் பிறந்த எனக்கு அந்தத் தேதி இன்னொன்றையும் நினைவூட்டும். இலங்கையின் கிழக்குக் கடல் தெளிந்து, முக்குளிக்கத் தோதாக இருப்பது ஏறத்தாழ ஏப்ரல் முதல் செப்டம்பர் வரைதான். பிள்ளைகளின் மே மாத விடுமுறையும் இதற்குள் வந்துவிடுகிறது.

இலங்கை சிறிய தீவுதானே, எந்தக் கரைக்குப் போனால் என்ன என்று பலர் நினைக்கிறார்கள். தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது ஹிக்கடுவை, கற்பிட்டிப் பக்கம் கடல் கொந்தளிக்கும். திருகோணமலை அமைதியாக இருக்கும். வாடைக்காற்று தொடங்கியதும் நிலைமை அப்படியே மாறிவிடும். மேற்கே போக விரும்புகிறவர்கள் நவம்பருக்கு மேல் போகலாம். விமானக் கட்டணம் குறைகிறதே என்று மாதத்தை முடிவு செய்யாதீர்கள். என் அப்பா கட்டுமரத்தில் போனவர். நீவாடு, அதாவது நீரோட்டம், எப்படி ஓடுகிறது என்று பார்க்காமல் வலையை இறக்கமாட்டார். பயணத் திட்டத்துக்கும் அந்தப் பொறுமை வேண்டும்.

பயிற்சியை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. ‘டெம்பிள் அட்வென்சர்ஸ்’ போன்ற மையங்கள் புதுச்சேரியிலேயே கற்றுத்தருகின்றன. ‘ஓபன் வாட்டர்’ சான்றிதழ் இருந்தால் 18 மீட்டர் ஆழம் வரை போகலாம். ஆஸ்துமா, இதய நோய், காதில் பழைய கோளாறு இருப்பவர்கள் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். நம் கடல் பல நாள் கலங்கலாக இருக்கும். அதில் பழகியவருக்குத் தெளிந்த தண்ணீரில் பதற்றம் வராது. கயிற்றைப் பிடித்து இரண்டு மூன்று மீட்டர் இறங்கியதுமே காதுக்குள் அழுத்தும். மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊதினால் ‘பட்’டென்று காது திறக்கும். திறக்கவில்லையா, கொஞ்சம் மேலே ஏறி மறுபடி ஊத வேண்டும். வலியோடு இறங்கவே கூடாது. மூச்சை அடக்கவும் கூடாது.

திருகோணமலையில் முதல்முறை இறங்குகிறவர்களுக்கு நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவு நல்லது. 2003-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இடம். கரையோர ஆழத்திலேயே பவளப்பாறைகளும், ஆளைக் கண்டால் விலகிப்போகும் சின்னச் சுறாக்களும் உண்டு. பவளத்தின் மீது கால் வைக்காதீர்கள். அது உயிருள்ளது, மிதித்தால் செத்துப்போகும்.

என் மனம் நிற்பது திருகோணமலை நகரின் சுவாமி மலை அடியில். அதன்மேல் இருந்த, சம்பந்தர் பாடிய கோணேசர் கோயிலை 17-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் இடித்தார்கள். கற்கள் கடலுக்குள் போயின. 1956-இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் இங்கே மூழ்கித் தூண்களைக் கண்டார்கள். லிங்கம் ஒன்றும் வெளியே வந்தது. பாசி மூடிய பாறைகளுக்கு நடுவே ஒரு கல் மட்டும் நேர்க்கோட்டில் விளிம்பு காட்டும். கிட்டே போனால் உளி பட்ட பட்டைகள் தெரியும். ஒரு சிற்பியின் கைவேலை மீன்களுக்கு நடுவே கிடக்கிறது. பார்த்தபோது எனக்குக் கண்ணாடிக்குள் கண் கலங்கியது.

நமக்கு அங்கே ஒரு பெரிய வசதி, பேச்சு. “அண்ணை, இண்டைக்கு நீரோட்டம் எப்பிடி?” என்று படகுக்காரரிடம் கேட்டேன். “காலமை போயிட்டு வாங்கோ, மத்தியானம் காத்து எழும்பும்” என்றார். சொன்னபடியே எழும்பியது.

திட்டத்தில் பெரும்பாலோர் தவறவிடுவது கடைசி நாளைத்தான். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் தரையில் இருப்பதைப்போல் இரண்டு மடங்கு. அந்த அழுத்தத்தில் நாம் சுவாசிக்கும் நைட்ரஜன் ரத்தத்திலும் சதையிலும் கரைகிறது. மெதுவாக மேலே வந்தால் மூச்சோடு வெளியேறும். அவசரப்பட்டால், சோடாப் புட்டியைத் திறந்ததுபோல் உடம்புக்குள் குமிழி கட்டும். மூட்டுவலியில் தொடங்கிப் பக்கவாதம் வரை போகலாம். மேலே காற்றழுத்தம் குறைவதால் விமானம் ஏறினாலும் இதே ஆபத்து. ஒருமுறை மட்டும் மூழ்கியவர் குறைந்தது 12 மணி நேரமும், பலமுறை மூழ்கியவர் 18 மணி நேரமும் காத்திருக்க வேண்டும். நான் ஒரு முழு நாள் விடுகிறேன். மலைக்கும் இந்தக் கணக்கு உண்டு. நுவரெலியா 1,800 மீட்டருக்கு மேல். அதை முதலில் பார்த்துவிட்டுக் கடலுக்கு வாருங்கள். நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் ஓடும் காலமாக இருந்தால் திரும்புவதற்கு அது இன்னும் நல்லது. கடல்மட்டத்திலேயே வீடு வந்து சேரலாம். மழைக்காலத்தில் அது நிற்கும், தேதியைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

முன்பணம் கட்டுமுன் அங்குள்ள மையத்திடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர்? விபத்து நேர்ந்தால் அழுத்தச் சிகிச்சைக்கு எங்கே கொண்டுபோவீர்கள்? பதில் சொல்லத் தயங்குகிற இடத்தில் தண்ணீரில் இறங்காதீர்கள்.